உளுந்து மிதித்த கார்

உலகநாதன் புகை பார்க்கும் வேனிலிருந்து கேமராவை மட்டும்தான் எடுத்துக்கொண்டு இறங்கினான். பெட்ரோல் பங்க் ஓரத்தில், வேப்பமர நிழலில் அந்த வேன் நிற்க ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. நம்பர் தெரிகிற மாதிரி வண்டியை ஒரு படம் எடுப்பான், உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் நாலு தட்டு தட்டுவான், காகிதம் வந்துவிடும். வண்டியின் புகைக்குழாய்க்குள் விடவேண்டிய ரப்பர் குழாய் வேனின் மூலையில் சுருண்டு கிடந்தது. அதன்மேல் அவனுடைய சாப்பாட்டுக் கூடை இருந்தது.

"குழாய் எங்க தம்பி?" என்றாள் அருள்மேரி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

"அதெல்லாம் எதுக்குக்கா? வண்டிய கொஞ்சம் முன்னால எடுங்க. நம்பர் நிழல்ல மறையுது."

"குழாய எடுத்துட்டு வா. உள்ள விட்டுப் பாரு."

உலகநாதன் அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்து சீட்டில் இருந்த அவள் புருஷன் குழந்தைராஜைப் பார்த்தான். குழந்தைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த உலகத்தில் எந்தக் காகிதம் எப்படி வாங்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. எந்த இடத்தில் தன் மனைவியிடம் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் தெரியும்.

அருள்மேரியின் அந்த டீசல் அம்பாசிடரைக் கேலி செய்யாதவர்கள் கீழப்படுகையில் கிடையாது. யானை வந்தால் மணியோசை முன்னால் வரும், மேரியம்மா கார் போனால் புகை பின்னால் அரைமணி நேரம் நிற்கும் என்பார்கள். ஆனால் பிரசவ வலி என்றாலும் பாம்புக்கடி என்றாலும் கேலி செய்தவன்தான் முதலில் ஓடிவந்து அவள் கதவைத் தட்டுவான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளப் போன ஊர்த் தம்பதிகளில் பாதிப் பேரை அந்தக் கார்தான் மாலையும் கழுத்துமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. கண்ணாடியில் தொங்கும் மாதா படத்துக்கு அவர்களே பூ வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது அவள் சர்ட்டிபிகேட்டுக்கு வந்து நிற்பது எல்லையம்மாளுக்காக. எரிவாயுக் குழாய் பதிக்கிற கம்பெனி எல்லையம்மாளின் வயலுக்கு நடுவே கோடு போட்டிருந்தது. அது நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து பிரித்துக் கொடுத்த நிலம். கொடுத்தார்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அந்தப் பட்டா கைக்கு வருவதற்குள் எல்லையம்மாளின் மாமனார் அடிபட்டு, ஜெயிலுக்கும் போய் வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆட்சி மாறி மாறி வந்தது. இரண்டு கட்சிக் கொடியும் அந்த வயலோரம் பறந்தன. குழாய் என்ற பேச்சு எடுத்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி தொண்டையைச் செருமினார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் விசாரணை. ஆட்சேபணை இருப்பவர்கள் நேரில் வந்து சொல்லவேண்டும், வராதவர்கள் சம்மதித்ததாக அர்த்தம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எல்லையம்மாளால் பஸ் படி ஏறமுடியாது. வாடகைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் யாரோ சொல்லிவைத்த மாதிரி சவாரி இருக்கிறது என்று கைவிரித்தார்கள். போன தடவை அருள்மேரிதான் அழைத்துப் போனாள். ஆற்றுப் பாலத்தில் இன்ஸ்பெக்டர் மறித்தார். புகை சர்ட்டிபிகேட் காலாவதி என்று சொல்லிச் சாயங்காலம்வரை வெயிலில் நிறுத்திவைத்தார். அன்றைக்கு ஆபீஸர் வராமல் விசாரணை தள்ளிப்போனதால் நிலம் தப்பித்தது. விடும்போது இன்ஸ்பெக்டர் சொன்னார்: "அடுத்த வாட்டி வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும். பேப்பர் இருந்தாலும் பொகைய நானே பாப்பேன்."

உலகநாதன் கூடையை நகர்த்தி, குழாயை உதறி எடுத்து வந்தான். எங்கோ இருந்து ஒரு பல்லி ஓடியது. "நியூட்ரல்ல வெச்சு முழுசா அழுத்துங்க" என்றான். அருள்மேரி அழுத்தினாள். வேப்பமரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. டீசல் போட நின்றிருந்த டிராக்டர்காரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இது பெயில்கூட இல்ல, அதுக்கும் கீழ" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான் உலகநாதன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "விடுங்க. குழாய வெளிய புடிச்சிக்கறேன். காத்துக்குப் பாஸ் போட்டுடும்."

"அதத்தானே மேரி எல்லாரும் பண்றாங்க" என்று குழந்தைராஜ் கடைசியில் வாயைத் திறந்தார்.

அருள்மேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மடியில கனம் இருந்தாத்தாங்க வழியில பயம். பொய்ப் பேப்பர எடுத்துக்கிட்டுப் போயி அந்தாளு முன்னால பொகைய விட்டேன்னு வைங்க, மேரி பேப்பரு பொய்யி, எல்லையம்மா பட்டாவும் பொய்யின்னு ஒரே மூச்சில சொல்லிடுவான். அவளுக்கு இருக்கறது அந்த ஒரு உண்மைதான். அதுல நான் போயி தண்ணி ஊத்தணுமா?"

குழந்தைராஜ் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அங்கிருந்து நேராகக் குத்தாலத்தில் காயாரோகணத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள். காயாரோகணம் ஏற்கெனவே அந்த வண்டியின் பம்பைக் கழற்றி மாட்டியிருந்தான், நாஸில் மாற்றியிருந்தான், எஞ்சின் ஆயிலும் புதுசு. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்தான். "வயசாயிடுச்சும்மா. மனுசனுக்கே அறுவதுக்கு மேல இருமல் வருது."

"எங்க, ஒரு தடவ அழுத்து, கேக்கறேன்."

அவன் அழுத்தினான். பானெட்டைத் திறந்துவைத்து அவள் காது கொடுத்துக் கேட்டாள். எஞ்சின் சத்தம் எகிறுவதற்குப் பதில் நடுவிலேயே திணறியது. அந்தத் திணறல் அவளுக்குப் பழக்கமானது. குழந்தைராஜுக்கு இழுப்பு வரும்போது இப்படித்தான் இருக்கும்: உள்ளே போகவேண்டியது போகாமல், வெளியே வருவது மட்டும் பெரிதாகச் சத்தம் போடும்.

"இது மூச்சு எங்கேர்ந்து இழுக்குது?"

 காயாரோகணம் தலையில் அடித்துக்கொண்டு, எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டரின் மூடியைத் திருகினான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். உள்ளே ஃபில்டர் என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. உளுந்துச் செடியின் தூளும் சருகுமான பொட்டு அடைத்துக் கிடந்தது. நெற்றுத் தோலும் புழுதியும் சேர்ந்து வறட்டி மாதிரி இறுகியிருந்தது. கவிழ்த்துத் தட்டியபோது பழைய தினத்தாளில் ஒரு பிடி உளுந்து உருண்டது.

அருள்மேரி சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? பங்குனி பிறந்தால் கீழப்படுகையில் ரோடுதான் களம். பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே ஒரு தடவை ஏற்றிவிட்டுப் போவார். அருள்மேரியிடம் மட்டும், அக்கா இன்னும் ரெண்டு சுத்து, இன்னும் ரெண்டு சுத்து என்று கேட்பார்கள். அவளும் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கொடுப்பாள், வருஷா வருஷம். ஊர் உளுந்தையெல்லாம் அடித்த கார், ஊர்ப் பொட்டையெல்லாம் விழுங்கி வைத்திருந்தது.

"இனிமே இந்த வேலைய விட்டுடு மேரி" என்றார் குழந்தைராஜ். அவள் அந்த உளுந்தைத் தாளோடு மடித்து டேஷ்போர்டில் போட்டாள்.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும், ஓலைச் சிலுவையைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனாள். உலகநாதன் இந்தத் தடவை கேட்காமலே குழாயை எடுத்தான். புது ஃபில்டரோடு எஞ்சின் ஒரே மூச்சில் எகிறி இறங்கியது. திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னான். கடைசியில் புகை நம்பர் அளவுக்குள்ளே வந்து நின்றதும் அவன் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. "நெசமாவே பாஸுக்கா!" என்று அடுத்த வண்டிக்காரனுக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

திங்கள் காலை எல்லையம்மாளைப் பின்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். பட்டாவை அவள் மடியில் முடிந்து வைத்திருந்தாள். ஊர் எல்லையைத் தாண்டினால், ரோடு முழுக்க உளுந்துச் செடி. ஓரத்தில் சுந்தரி முக்காட்டோடு நின்றாள். அது அவள் குத்தகைக்கு விதைத்தது. காரைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். பிறகு எங்கே போகிற கார் என்பது ஞாபகம் வந்து, "நீங்க போங்கக்கா, ஓரமா போங்க" என்று செடியை அள்ளி ஒதுக்கக் குனிந்தாள்.

"ஓரமா எடு மேரி. இப்பத்தான் ஃபில்டர் மாட்டியிருக்கு" என்றார் குழந்தைராஜ்.

"ஊருக்காகப் போறேன்னு சொல்லிட்டு ஊரு உளுந்த மிதிக்காம போறதாங்க?" கண்ணாடியில் எல்லையம்மாளைப் பார்த்தாள். "இடுப்பு தாங்குமா எல்லையம்மா?"

"நல்லா ஏத்து மேரிம்மா" என்றாள் எல்லையம்மாள்.

முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, மறுபடி முன்னால். நெற்று வெடிக்கிற சத்தம் டயருக்கடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. சுந்தரி புழுதியில் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

பாலத்தில் அதே இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். அருள்மேரி நிறுத்தி, அவர் கேட்குமுன் காகிதத்தை நீட்டினாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்சீட்டில் இருப்பது யார் என்று குனிந்து பார்த்தார்.

"எங்க வாங்கனது இது? அழுத்தும்மா பாப்போம்" என்று காரின் பின்பக்கம் போய், புகைக்குழாயை ஒட்டி நின்றார்.

"முழுசா அழுத்தறேன் சார். நல்லா கிட்ட நின்னு பாருங்க."

அழுத்தினாள். அம்பாசிடர் மொத்தமும் அதிர்ந்தது. கண்ணாடியில் ஓலைச் சிலுவை ஆடியது. பின்னால் குழாய்க்கட்டு ஏற்றிய கம்பெனி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்: புகைக்குழாயில் கானல் மட்டும் நெளிந்தது, கறுப்பு இல்லை. அந்தக் காற்றில், காருக்கு அடியில் ஒட்டியிருந்த உளுந்தம்பொட்டு உதிர்ந்து பறந்து, இன்ஸ்பெக்டரின் பாலீஷ் போட்ட பூட்ஸில், காக்கிப் பேன்ட்டில், கையிலிருந்த காகிதத்தில் படிந்தது. அவர் ஒரு காலைத் தூக்கி உதறினார். மறுகாலில் வந்து ஒட்டியது.

"போதும்மா, போதும்!" என்றார்.

அருள்மேரி காலை எடுக்கவில்லை.