புகார் எடுப்பவள் கேட்ட வேலை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த நிறுவனத்தில் ஒன்பது வருடமாகப் புகார் எடுப்பவள் அவள்தான். தொலைபேசி அடித்தால் எடுப்பாள், கட்டிடத்தையும் கோளாறையும் குறித்துக்கொள்வாள், மெக்கானிக்கை அனுப்புவாள். வருடக் கடைசியில் இலக்குப் படிவம் வரும். "பணியைச் செவ்வனே செய்வேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவாள். மேலாளர்களும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த வருடம் மேலாளராக வந்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஒன்பது படிவங்களையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒன்பது வருஷமும் ஒரே வரிதான் இருக்கு. உண்மையிலேயே உங்களுக்கு என்ன ஆசை?"

"சொன்னா சிரிக்க மாட்டீங்களே மேடம்?"

"சொல்லுங்க."

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணணும். நேர்ல போய்."

மேலாளர் சிரிக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் எழுந்துபோய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று வருடப் புகார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மெக்கானிக் திரும்பி வந்து சொன்ன காரணம்.

"கதவு மூடலன்னு வர்ற புகார்ல பாதி, கீழ தடத்துல கல்லோ குப்பையோ மாட்டினதுதான். அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு விளங்கிடுது. ஆனா ஒரு தடவைகூட கண்ணால பார்த்ததில்ல."

மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதை ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"யாரும் கேட்கல மேடம்."

அடுத்த மாதமே பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள் மேலாளர். வாரம் மூன்று நாள் வகுப்பு, மீதி நாள் தொலைபேசி. தலைமை மெக்கானிக்குக்கு இது பிடிக்கவில்லை. "போன்ல பேசுற வாய்க்கு ஸ்பானர் பிடிக்க வருமா?" என்றார் எல்லார் முன்னாலும்.

"வாய்க்கு வராதுண்ணே. கைக்கு வரும்."

முதல் தேர்வில் நாலு மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளிடம், பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவன் சொன்னான்: "நான் லைசென்சுக்குப் போனப்ப ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாங்க. போய் அதிகாரியோட கார்லயே இடிச்சேன். உனக்கு நாலு மார்க்தானே போச்சு?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் முறை தேறிவிட்டாள்.

முதல் வேலை ஓர் ஆறு மாடிக் கட்டிடத்தில், பட்டப்பகலில். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே ஒரு பல் மருத்துவர். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், இப்போது கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கூட வந்த தலைமை மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டர், லிஃப்ட் விழாது, பிரேக் பிடிச்சிருக்கு. கதவைத் தொடாம பின்னாடி தள்ளி நில்லுங்க. பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம்" என்றாள். சத்தம் அடங்கியது.

மேலே இயந்திர அறைக்கு ஏறி மின்சாரத்தை நிறுத்தினாள்; தலைமை மெக்கானிக்கும் பின்னாலேயே ஏறி வந்தார். லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்; பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

"அண்ணே, நான் சொல்றப்ப தளர்த்துங்க. நிறுத்துன்னா உடனே விடுங்க."

அவர் மறுபேச்சு பேசாமல் பிடித்தார்.

எட்டாவது நிமிடம் மருத்துவர் வெளியே வந்தார். கதவு மூடியதை லிஃப்டுக்குத் தெரிவிக்கும் காண்டாக்ட் ஒன்று மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து அவள் மாற்றினாள். தலைமை மெக்கானிக் லிஃப்டை மேலும் கீழுமாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"இந்தத் தெருவுல நமக்கு அஞ்சு கட்டிடம் இருக்கு" என்றார். "அடுத்த வாரத்துலேர்ந்து நாலு உன் பொறுப்பு."

"அந்த அஞ்சாவதையும் குடுங்கண்ணே" என்றாள் அவள்.