சம்பந்தி சொன்ன ரீடிங்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறொரு நாடு. நடுவில், தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில், ஆள் தொடை கனத்துக்கு ஒரு குழாய். இக்கரை பம்ப் ஸ்டேஷன் தள்ளுகிற டீசல் அதன் வழியாக அக்கரைக்குப் போகும். அக்கரை ஊரில் விளக்கு எரிவதும் மோட்டார் ஓடுவதும் அந்த டீசலில்தான்.

தள்ளுகிற ஸ்டேஷனில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பு அவள். வாங்குகிற ஸ்டேஷனுக்குப் பொறுப்பு அவளுடைய சம்பந்தி. வேலை விஷயமாக இருவரும் போனில் பேசிப் பேசித்தான் அவள் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணமே முடிவானது. “டீசலோட சேர்த்து பொண்ணையும் அனுப்பிட்டாங்க” என்று ஸ்டேஷனில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

மணிக்கு ஒரு தடவை போன். அவள் அனுப்பியதைச் சொல்வாள், அவர் வந்து சேர்ந்ததைச் சொல்வார். இரண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். குளிர்ந்தால் எண்ணெய் சுருங்கும், அதில் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கொஞ்சத்துக்காக இரண்டு பேரும் சண்டைக்கோழி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் மரியாதைதான். “வந்துடுச்சு சம்பந்தியம்மா, சரியா வந்துடுச்சு.”

அன்று காலை ஷிப்டு ஏறியதுமே மகள் கூப்பிட்டாள்.

“தண்ணி ஒரே மண்ணெண்ணெய் நாத்தம்மா. பாப்பாவைக் குளிப்பாட்டினேன், உடம்பெல்லாம் திட்டுத் திட்டா சிவந்து போச்சு. மாமாகிட்ட சொன்னா, படகுக்காரன் எவனாவது ஊத்தியிருப்பான்னு சொல்றாரு.”

“உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்துடி வருது?”

“ஆத்துலேர்ந்துதான். இங்க எல்லாருக்கும் அதானே?”

“இனிமே அதைத் தொடாதே. வாய்லயும் வைக்காதே” என்று சொல்லி போனை வைத்தாள்.

எதிரே சுவரில் பலகை. அனுப்பியது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். மேகம் மூடிய நாளிலும் வெயில் கொளுத்திய நாளிலும் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. தினமும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தான் அவளும். இப்போது எழுந்து போய் ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டுப் பார்த்தாள். எந்தக் குழாயும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

சம்பந்தியைக் கூப்பிட்டாள்.

“சம்பந்தி, ஒன்னு கேக்கறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளுங்க சம்பந்தியம்மா. சாப்பிட்டாச்சா?”

“போன மணிக்கு எவ்வளவு வந்துச்சு?”

“அதான் சொன்னேனே. நீங்க அனுப்பினது அப்படியே...”

“நான் அனுப்பினது எனக்குத் தெரியும். உங்க மீட்டர் என்ன காட்டுதுன்னு கேக்கறேன்.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் குறையுது.”

“எத்தனை நாளா?”

“மழை விட்டதுலேர்ந்து. குறையுதுன்னு நான் சொன்னா உங்க ஸ்டேஷன் மேல விசாரணை வரும். பொண்ணு எடுத்த இடத்தைப் போய் மாட்டி விடறதா? அதான் நீங்க சொல்ற நம்பரையே நானும் திருப்பிச் சொல்லிட்டு...”

“எங்களைத் திருடங்கன்னு நினைச்சீங்களா?”

“ஐயையோ! அப்படி யாரும் நினைச்சிடக் கூடாதேன்னுதான்!”

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. இரண்டையும் விழுங்கினாள்.

“அந்தக் குறைஞ்ச டீசல் எங்க போயிருக்கும்னு யோசிச்சீங்களா? உங்க பேத்தி உடம்புல இருக்கு.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவது கேட்டது.

“பம்பை நிறுத்தப் போறேன் சம்பந்தி.”

“அவசரப்படாதீங்க! ஊரே இருண்டு போயிடும். ஆஸ்பத்திரி இருக்கு, ஐஸ் ஃபேக்டரி இருக்கு. சனங்க என்னைத்தான் வந்து பிடிப்பாங்க.”

“உங்க தொட்டியில இருக்கறதை ஆஸ்பத்திரிக்கும், நிலத்தடித் தண்ணி எடுக்கற போர்வெல் மோட்டாருக்கும் மட்டும் விடுங்க. மிச்சத்துக்கு வழி பண்றேன். ஆத்துத் தண்ணி எடுக்கறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.”

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தரை வழியாகக் கால்களில் ஏறிக்கொண்டே இருந்த அதிர்வு நின்றது. பதறிக்கொண்டு ஓடி வந்தான் ஃபிட்டர். எந்நேரமும் பாக்கெட்டில் ஸ்பேனர் தொங்குவதால் அவன் பெயரே ஸ்பேனர்தான்.

“அக்கா, யாரு நிறுத்தினது?”

“நான்தான்.”

“அப்போ மேனேஜர் நம்மளை நிறுத்திடுவாரு.”

சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் போன். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? நாம தர மாட்டோம்னு தெரிஞ்சா அக்கரைக்காரங்க கப்பல்ல வேற நாட்டுக்காரன்கிட்ட வாங்கிப்பாங்க. அப்புறம் இந்த ஸ்டேஷனே எதுக்கு?”

“குழாய் ஆத்துக்குள்ள ஒழுகுது சார். அக்கரையில தண்ணியே எண்ணெய் நாத்தம் அடிக்குது.”

“ஒரு நாத்தத்தை வெச்சா ரெண்டு நாட்டு வியாபாரத்தை நிறுத்துவீங்க? காட்டுங்க, நம்பறேன். இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள பம்ப் ஓடணும்.”

காட்டுவதற்கு ஒரே வழிதான் உண்டு. இரண்டு கரையிலும் ஆளுக்கொரு வால்வு இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் இறுக்கி மூடினால் ஆற்றுக்கு அடியில் உள்ள துண்டு மட்டும் தனியாக நிற்கும். குழாய் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், ஒழுகினால் இறங்கும். இந்தக் கரை வால்வு அவள் கையில். அந்தக் கரை வால்வு சம்பந்தி கையில்.

மறுபடி கூப்பிட்டாள்.

“மூடலாம் சம்பந்தியம்மா. ஏன் மூடறேன்னு எங்க ஆபீசரு கேப்பாரே?”

“சொல்லுங்க.”

“என் வேலை போயிடும்.”

“போனாலும் போகும்” என்றாள் அவள். ஆறுதலாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “நீங்க வராட்டியும் நான் ஓட்டப் போறதில்ல. என்னை வெளிய தள்ளிட்டு வேற ஆளைப் போட்டு ஓட்டிக்கட்டும். நான் கரையில நிக்கறேன். வர்றதா இருந்தா வாங்க.”

ஸ்பேனரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். வால்வுச் சக்கரம் வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. ஓரத்துக் கோரைப்புல் அடியில் கறுத்திருந்தது. அங்கே தண்ணீர் மேல் நிறம் நிறமாகப் படலம் மினுங்கிக்கொண்டு போனது. அக்கரைத் தகரக் கொட்டகைப் பக்கம் ஆளே இல்லை.

“வர மாட்டாரு அக்கா” என்றான் ஸ்பேனர். “சம்பந்தின்னா விருந்துக்கு வருவாங்க. இதுக்கெல்லாமா?”

“வாயை மூடிட்டு சக்கரத்தைப் பிடிடா.”

நிழல் காலடிக்கு வந்துவிட்ட நேரத்தில் கொட்டகைப் பின்னாலிருந்து ஓர் உருவம் வெளியே வந்தது. தலையில் துண்டு, தளர்ந்த நடை. வால்வு அருகில் வந்து, இந்தப் பக்கம் பார்க்காமலே குனிந்து சக்கரத்தைப் பிடித்தது. அவள் போன் அடித்தது.

“குழாயைச் சோதிக்கறோம்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். லைன்லயே இருக்காரு. உங்க மேனேஜரையும் சேர்த்துக்கச் சொன்னாரு. திருப்பட்டுமா?”

அவள் மேனேஜரையும் சேர்த்து, வீடியோவைப் போட்டாள். “திருப்புங்க.”

இரண்டு கரையிலும் சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுற்றின. மூடியதும் அழுத்தம் காட்டும் வட்டத்துக்கு நேராக அவள் போனைப் பிடித்தாள். முள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு முள் தூக்கம் வந்த தலை மாதிரி மெல்லச் சாய ஆரம்பித்தது. சாய்ந்துகொண்டே போனது.

“சரி, சரி, பார்த்துட்டேன்” என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது. “பம்ப் ஓட வேண்டாம். ஆளுங்களை அனுப்பறேன். ஆனா இத்தனை நாள் ரீடிங் ரெண்டு பக்கமும் சரியா இருந்துச்சே? மீட்டர் கோளாறுன்னு வெச்சுக்கலாமா?”

நல்ல வழிதான். அவள் ‘ஆமாம்’ என்றால் போதும், சம்பந்தி வேலை தப்பும். மகள் போய் வாழ்கிற வீடு அது. அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை நாள் அவரைப் பொய் சொல்ல வைத்ததும் இதே மரியாதைதான் என்று அப்போது உறைத்தது.

“மீட்டர் நல்லா இருக்கு சார்” என்றாள். “அதைக் கோளாறுன்னு சொல்லிட்டா அது காட்டின நம்பரும் பொய்யாயிடும். எவ்வளவு கொட்டியிருக்குன்னு தெரியாம எவ்வளவுன்னு அள்ளறது?”

அக்கரையில் அந்த உருவம் தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது.

“நான்தான் சார் மாத்திச் சொன்னேன்” என்றார் சம்பந்தி. “உண்மையான நம்பர் எல்லாம் மீட்டர்லயே இருக்கு. எடுத்துத் தர்றேன்.”

அவருடைய ஆபீசர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். நாளைக்கு ஆபீசுக்கு வரும்படி.

மற்றவர்கள் லைனை விட்டுப் போன பிறகு சம்பந்தி கேட்டார். “இப்போ திருப்தியா?”

“இல்ல. உங்க மேல கோவம், என் மேலயும் கோவம். ஊருக்கு டீசல் பாலத்து வழியா லாரியில வரும். குழாய்ல வர்றதுல பாதி கூட வராது, செலவும் அதிகம். மேனேஜர் முனகுவாரு, நான் பேசிக்கறேன். முதல் லாரியில தண்ணி கேனும் ஏத்திட்டு நானே வர்றேன். யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்க நீங்க கூட நிக்கணும்.”

“நாளைக்கு அப்புறம் நான் நிக்க முடியுமோ என்னவோ.”

“இன்னிக்கு நில்லுங்க.”

“சனங்க திட்டுவாங்க சம்பந்தியம்மா.”

“திட்டட்டும். ரெண்டு பேருமா வாங்கிப்போம்.”

வால்வுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டினாள். “ஸ்பேனர், லோடிங் மேடையைக் கழுவி வெய்டா. நல்ல ஹோஸ் குழாயா பார்த்து மாட்டு, ஒரு சொட்டு கீழ விழக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே லாரிக்காரரின் நம்பரைத் தேடியபடி மேட்டில் ஏறினாள்.