நொச்சி குடிபோன நாள்

நாங்கள் வேலை பார்க்கும் தாவரக் காப்பகத்தில், உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது என் நாத்தனார். அவற்றைக் குடும்பவாரியாக அலமாரியில் அடுக்குவது நான். போன வருஷம் ஒரு நொச்சித் தாள் காணாமல் போனபோது அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டேன்.

இன்று காலை உத்தரவு வந்தது: ஆராய்ச்சியில் தெரிந்ததாம், நொச்சி இனித் துளசிக் குடும்பம்.

"இத்தனை வருஷம் ஒரு வீட்ல இருந்தத இப்பவா கெளப்புவாங்க?" என்று புலம்பிக்கொண்டே, நூறு தாள்களையும் அவளோடு அறையின் மறுகோடிக்குச் சுமந்தேன்.

துளசி அலமாரியைத் திறந்தால், மேல்தட்டில் அந்தத் தொலைந்த தாள். தவறி அடுக்கிய கை என்னுடையது.

நாத்தனார் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்க அண்ணி. அது முன்னாடியே வந்து எல்லாருக்கும் இடம் புடிச்சு வச்சிருக்கு."