மெதுவாக இறக்கு

அக்கா வீட்டுக்காரரை வேலையிடத்தில் எல்லாரும் கொக்கு என்பார்கள். கோபுரக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. பகல் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருப்பார். கீழே நின்று கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டி, கைச்சாடையாலும் வாக்கிடாக்கியாலும் அவருக்கு வழி சொல்வது என் வேலை.

கிரேன் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். போன முறை ரத்த அழுத்தம் எகிறி, டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. "இன்னொரு தடவை பார்ப்போம். அதுவரைக்கும் தினமும் நடங்க, உப்பைக் குறைங்க, மூச்சை மெதுவா விட்டுப் பழகுங்க" என்றார். அப்போதும் இறங்காவிட்டால் மாமாவுக்குக் கிடங்கில்தான் வேலை.

மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்று நிதானமாகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் ஒரு நரம்பு அப்போது பிரேக்கை லேசாக மிதிக்கிறது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மாமா கட்டிலில் உட்கார்ந்து 'உஸ்ஸ்' என்று ஒழுங்காகவே பழகினார்.

"பக்கத்து வீட்டுல, உங்க வீட்டுல டயர் பஞ்சரான்னு கேக்குறாங்க" என்றாள் அக்கா.

"பொறாமைடி அவங்களுக்கு."

வீட்டில் அளந்தால் அளவு சரியாக இருந்தது. ஆனால் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் அறையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டை கையில் இறுகியதும் மறுபடி எகிறியது.

"கொஞ்ச நேரம் அமைதியா இருங்க. திரும்பப் பார்க்கிறேன்" என்றார் நர்ஸ்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பட்டை இறுகிய நேரத்தில் மாமாவின் மார்பு அசையவே இல்லை. அந்த நிசப்தம் எனக்குப் பழக்கமானது. கம்பிவடம் இறுகிச் சுமை தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில், வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் அவர் மூச்சு சட்டென்று நின்றுவிடும். கை நடுங்கக் கூடாதென்று அடக்கிப் பிடித்து, சுமை நிதானித்த பிறகே விடுவார். இத்தனை வருஷப் பழக்கம். எது இறுகினாலும் உடம்பு அதைச் சுமை என்றே எடுத்துக்கொண்டு மூச்சைப் பூட்டியது. மூச்சைப் பூட்டி மார்பை இறுக்கினால் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

"மாமா, பட்டை இறுகும்போது தம் கட்டுறீங்க."

"நானா?"

"வேற யாரு, கொக்கா?"

"அதுவும் நான்தானடா."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, அளக்கும்போது ரெண்டு பேரும் பேசக் கூடாது."

பட்டை உப்பத் தொடங்கியது. மாமாவின் தாடை இறுகுவது தெரிந்தது. பேச முடியாதே. வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்த்து வைத்து, மெல்லக் கீழே கொண்டுபோனேன். மெதுவாக இறக்கு. அந்தச் சாடைக்கு அவர் உடம்பு யோசிக்காமல் கீழ்ப்படியும். தோள் இறங்கியது, மூச்சு நீளமாக வெளியே வந்தது. என் கை முழங்காலைத் தொடும்வரை வந்துகொண்டே இருந்தது.

நர்ஸ் இன்னொரு முறையும் அளந்து பார்த்தார். இரண்டிலும் அளவு எல்லைக்குள் இருந்தது. வீட்டில் எடுத்த அளவுகளையும் பார்த்துவிட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார். "நல்லா ஆயிட்டோம்னு பழக்கத்தை விட்டுடாதீங்க. அடிக்கடி அளந்துக்குங்க."

மறுநாள் காலை முதல் கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டினேன். வடம் இறுகியது. வாக்கிடாக்கியில் நிசப்தம் இல்லை. காற்று நீளமாகப் போகும் சத்தம்.

"மாப்ள, கேக்குதா?"

"கேக்குது மாமா. பஞ்சர்தான்."

சுமை ஆடாமல் மேலே போனது.