கை என்னுது

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் டோமினிக் ராஜாவாகிவிடுவார். டிவி கேமில்தான். திண்டிவனத்து மெக்கானிக் ஷெட்டில் ஆறு நாள் ஏச்சு வாங்குகிற மனுஷன், ஏழாம் நாள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார். குற்றவாளியை இழுத்து வருவார்கள். வெட்டலாம், ஊரைவிட்டுத் துரத்தலாம், மன்னித்து அனுப்பலாம். அவர் அழுத்துவது எப்போதும் வெட்டுதான்.

அன்றைக்கு உப்பு திருடியவன் தலை உருண்டது. காவலில் தூங்கியவனை இரண்டு துண்டாக்கினார். திரையெல்லாம் ரத்தம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு இடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் ஜாலியாகத்தான் இருந்தது. "அப்படித்தான், போடுங்க!" என்று கத்தினேன்.

அடுத்து வந்தவன் பெண்டாட்டியைக் கட்டையால் அடித்துக் கையை முறித்தவன். அவளும் கையில் கட்டோடு பக்கத்திலேயே நின்றாள். டோமினிக்கின் கட்டைவிரல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து மன்னிப்பை அழுத்தியது.

நான் இடிப்பதை நிறுத்தினேன். போன பொங்கலுக்கு மறுநாள் இதே ஆள் வீல் ஸ்பேனரால் அடித்து உடைத்த என் இடது கைக்குள் டாக்டர் வைத்த பிளேட் இன்னும் இருக்கிறது.

"உப்புத் திருடனுக்குத் தலை போச்சு. இவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மன்னிப்பு?"

"அது குடும்ப விஷயம்டி. சும்மா கேமு, உடு."

"கேமுதானே? அப்ப வெட்டு."

"நான்தான் செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேனே. சாமியாரே மன்னிச்சிட்டாரு. இன்னும் இன்னாடி பேஜாரு பண்ணிக்கினு இருக்கே?"

"சாமியாரு மன்னிச்சாரு. ஒடஞ்ச கை என்னுது!"

கன்ட்ரோலரைப் பிடுங்கி, ஆட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், வெட்டை அழுத்தினேன். தலை விழுந்தது. கையொடிந்த அந்தப் பெண் பிணத்தின் மேல் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். வெட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அவரும் சரி, நானும் சரி, அவளை ஒரு வார்த்தை கேட்டோமா?

அதற்குள் அவன், இனி என்ன மரியாதை, என் முடியைப் பிடித்து டிவி ஸ்டாண்டில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. மறுபடியும் இழுத்து மோதினான். கைக்குக் கிடைத்த பூண்டு இடிக்கும் இரும்புலக்கையால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டேன். ஐயோவென்று சரிந்தான். உலக்கையை அவன் மண்டைக்கு மேலே ஓங்கினேன்.

"டயானா, வேணாம்டி! மன்னிச்சிடு!"

ஒரே அடி போதும். சத்தியமாக அடித்திருப்பேன். செத்துத் தொலைந்தால் இந்த நாய்க்காக நான் உட்கார்ந்து அழவேண்டுமே என்று நினைத்ததும் கையை இறக்கினேன். உலக்கையை எறிந்துவிட்டு, முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு, ஆட்டோ பிடித்து மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கிருந்த ஏட்டம்மா ரோஜா, ரத்தத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். புருஷன் அடித்ததைச் சொன்னேன்.

"உனக்கு இன்னாமா வேணும்? கூப்ட்டு மிரட்டி அனுப்பவா, கேஸ் போடவா?"

என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கேஸ்தாங்க. இன்னிக்கு அடிச்சதுக்கு மட்டும் இல்ல. பொங்கலப்போ கை ஒடஞ்சதுக்கு, பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்னு விழுப்புரத்துல டாக்டர்கிட்ட சொன்னேன். அது பொய்ங்க. மொதல்ல அத எழுதுங்க."