நுஸைபா கொடுத்த கிருமி

மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் தின்றேன். சளி போனது, வயிற்றுப்போக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். உடம்பு பாதியானது. தலையும் மந்தமாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்தது. என் மகன் இனியவனுக்கு அது போதும். "அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது. நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பாபநாசம் முழுக்கச் சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. என் வயலை விட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை.

தஞ்சாவூர் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "வயசானா குடல்ல நல்ல கிருமிங்க குறையும். உங்களுக்கு மிச்சத்தையும் மருந்து அழிச்சிருச்சு. ஆரோக்கியமா இருக்கறவங்க மலத்துலேருந்து எடுத்து உங்க குடல்ல விடலாம். போக்கு நிக்க நல்ல வாய்ப்பிருக்கு. குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டுதான், ஆனா ஞாபகத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

இனியவனுக்குச் சர்க்கரை. மருமகளுக்கும் உடம்பு சரியில்லை. இரண்டு பேரும் கொடுக்க முடியாது. என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டு நுஸைபா, "நான் தரேன் வேம்பு அக்கா, இதுல என்ன இருக்கு" என்றாள். எல்லாச் சோதனையிலும் தேறினாள்.

இனியவன் முகம் சுருங்கியது. "ஊரு என்ன பேசும்? அதுவும் அவங்க வீட்டுது! டாக்டர், அம்மா தெளிவா இல்ல, அவங்க சொல்றத எடுத்துக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன தையில நம்ம செவலை அசை போடாம படுத்துச்சே. ஒரத்தநாட்டு மாட்டு டாக்டர் என்னடா பண்ணாரு? நுஸைபா வீட்டுப் பசு அசை போட்டுக்கிட்டிருந்ததை வாயிலேருந்து தோண்டியெடுத்து நம்ம மாட்டுக்கு ஊட்டுனாரு. நீதானே கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னே? மாட்டுக்கு ஆகும், பெத்தவளுக்கு ஆகாதா? இப்ப யாருக்குடா ஞாபகம் தப்பிப்போச்சு?"

டாக்டரம்மா அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே தேதி சொன்னார்.

போக்கு நின்றது. குறுவை நடவுக்கு நானே வரப்பில் நின்றேன். சில பேர் பெயர் இன்னமும் வாயில் வர மாட்டேன் என்கிறது. அதற்காக வயலை விட்டுவிட முடியுமா?

ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிரில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் செல்லதுரை கேட்டார்: "தெம்பாயிட்டீங்களே, என்ன வைத்தியம்?"

இனியவன் முந்திக்கொண்டான். "ஏதோ ஊசிங்க மாமா."

"ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நுஸைபாவோட பீ" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்து இலையில் ரசம் வாங்கிக்கொண்டிருந்த நுஸைபாவுக்குப் புரையேறியது. நான்தான் அவள் தலையில் தட்டினேன்.