தலையில் வைத்துத் தைத்த நாடா

அண்ணனுடைய கண்ணாடி நாடா இற்றுப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. கேஸ் கட்டிங்குக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி. நாடாவில் இழுவை என்று ஒன்றும் மிச்சமில்லை. குனிந்தால் மூக்குக்கு இறங்கிவிடும், இடுக்கு வழியாகப் பொறி உள்ளே போகும். இமைக்குக் கீழே எப்போதும் ஒரு கொப்புளம். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிப் பார்த்தான், அது முடியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. புதுசு வாங்கித் தொலையேன் என்றால், கண்ணாடி நல்லாத்தானே இருக்கு, நாடாதானே போச்சு என்பான். கஞ்சப் பிசினாறி. ஆனால் எனக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரே ஆள் அவன்தான், அதனால் அதற்கு மேல் நான் பேசவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அதை வாழ்க்கை என்று சொல்ல வாய் கூசுகிறது. என் புருசன் கருத்தப்பாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவன். குடித்தால் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்காக அடிப்பான். அடிக்கும்போது வாயில் ஒரு பழமொழி வேறு: "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." ஜாக்கி லீவரால் என் இடது கையை உடைத்த அன்றும் அதைத்தான் சொன்னான். மாவுக்கட்டுப் பிரித்ததும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் அண்ணனின் வெல்டிங் பட்டறைக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் மாரீஸ்வரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் என்னைப் பார்த்து முகம் சுளிக்க அங்கே யாரும் இல்லை. கிரில் கேட்டுகளுக்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் சோறு பொங்கிக்கொண்டு கிடந்தேன். சமாதானம் பேச ஆள்மேல் ஆள் வந்தது. கருத்தப்பாண்டியின் சித்தப்பா கண்ணுச்சாமி பட்டாளத்தில் இருந்தவர். வரும்போதெல்லாம் பால்கோவா வாங்கிவந்து, புருசன் பெண்டாட்டி சண்டை பொழுது விடிந்தால் போச்சு என்பார். பால்கோவாவைத் தின்றுவிட்டு, வர மாட்டேன் என்று சொல்லி அனுப்புவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த வீட்டு வாசப்படியை மறுபடி மிதிக்கக் கூடாது. இந்தத் தாலி உறவை அத்துவிடுங்கள் என்று நான் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அன்று மத்தியானம் அண்ணன் இரும்பு ஆங்கிள் வெட்டிக்கொண்டிருந்தான். கண்ணுக்குள் பொறி போய்க் கத்தினான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பை தைக்கிற நைலான் நாடாவையும் கோணி ஊசியையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றேன். கழற்றித் தருகிறேன் என்றான். கழற்றினால் அளவு தெரியாது, ஆடாமல் உட்கார் என்றேன். உடம்பில் இருப்பதைத் தைத்தால் ஆகாது என்று எங்கள் அம்மா சொல்வாள், அதை அவன் ஞாபகப்படுத்தினான். அம்மா சொன்னபடி நடந்து நான் என்னத்தைக் கண்டேன் என்று சொல்லிவிட்டு, தலையில் வைத்தே இரண்டு பக்கமும் இறுக்கித் தைத்து முடிச்சுப் போட்டேன். விரல் நுழையாது. ஒரு பொறி போகாது.

"ஏட்டி அனுசியா, சாயங்காலம் இத எப்படிக் கழட்டுறது?" என்றான்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பழைய நாடாவில் கழற்றி மாட்டுவதற்கு இருந்த கொக்கியை வைத்துத் தைக்க மறந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். சாயங்காலம் கத்தரியால் வெட்டிவிட்டுப் பிறகு கொக்கி வைத்துத் தருகிறேன், இப்போது வேலையைப் பார் என்றேன். அந்தக் கண்ணாடி வழியாக நெருப்பு மட்டும்தான் தெரியும். வேறு எதைப் பார்த்தாலும் இருட்டு. அவன் இரும்பு வெட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, கடைசித் துண்டை வெட்டத் தொடங்கினான்.

துண்டு விழுந்த நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. கருத்தப்பாண்டி உள்ளே வந்தான். கையில் அதே ஜாக்கி லீவர். என் சடையைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றி, பைக்கைப் பார்த்து இழுத்தான். நான் போட்ட கூப்பாட்டில் அண்ணன் டார்ச்சோடு எழுந்தான். இடது கையால் கண்ணாடியை மேலே தள்ளினான். அசையவில்லை. காதுப் பக்கம் பிடித்து இழுத்தான். நான் தைத்த தையல், எங்கே வரும்? தலையை இங்கேயும் அங்கேயும் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் தோளில் லீவர் விழுந்தது. டார்ச் ஆடி, நெருப்பு கேஸ் டியூபை உரசப் போனது.

"அண்ணே, கேஸ மூடு!" என்று கத்தினேன்.

மூடினான். அவனுக்குத் தெரிந்துகொண்டிருந்த அந்த ஒரு வெளிச்சமும் போனது. கருத்தப்பாண்டி என் சடையை விட்டுவிட்டு அவன் பின்னால் போனான். புது நாடாவைப் பின்னந்தலையில் கொத்தாகப் பிடித்தான், மாட்டுக்கு மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிற மாதிரி. பழைய நாடாவாக இருந்திருந்தால் பிய்ந்துகொண்டு போயிருக்கும். இது பிய்யவில்லை. அண்ணனின் முகத்தைக் கொண்டுபோய் இரும்பு மேசையில் மோதினான். மறுபடி மோதினான். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அண்ணன் காற்றில் கையை வீசினான், எதிரே யாரும் இல்லை. முதுகில் ஒன்று விழுந்தது, முழங்காலில் ஒன்று விழுந்தது, கீழே சாய்ந்தான். சாய்ந்தவனையும் கருத்தப்பாண்டி விடவில்லை. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் குடும்பச் சண்டை என்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

நாடாவை அறுக்கக் கத்தரியைத் தேடினேன். கைக்குக் கத்தரி வரவில்லை, வெட்டின ஆங்கிள் துண்டுதான் வந்தது. ஒரு முனை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பெயின்ட் துடைக்கிற துணியைச் சுற்றி மறுமுனையைப் பிடித்தேன்.

முதல் அடி லீவர் பிடித்த கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், என் கையில் கேட்டதுதான். சட்டை கருகி நாறியது. லீவர் கீழே விழுந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வலித்த முகம் இல்லை அது, நம்பாத முகம். முழங்காலில் போட்டேன். விழுந்தான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொன்னியே, சொல்லு, இப்பம் சொல்லு" என்று தொடையில் போட்டேன், விலாவில் போட்டேன். கை ஓயவில்லை. ஓயவைக்க எனக்கு மனசும் இல்லை.

தரையைத் தடவிக்கொண்டே அண்ணன் கேட்டான்: "அனுசியா, யாரு கத்துறது? நீயா?"

"நான் இல்லண்ணே. அவன்."

அதுவரை அவனை 'அவன்' என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆங்கிளைக் கீழே போட்டேன்.

டீக்கடையிலிருந்து யாரோ போலீசுக்குச் சொல்லி எஸ்.ஐ. அம்மா வந்தபோதும் அண்ணன் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தான். பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்த கத்தரியை அப்போதுதான் தேடி எடுத்தேன். அந்தம்மா கழற்றப் பார்த்தார், முடியவில்லை. என் கத்தரியை வாங்கி அவரே நாடாவை அறுத்தார். அறுத்ததைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் எங்களையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே கருத்தப்பாண்டி கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு கிடந்தான். தலைமாட்டில் என் மாமியார் மாடத்தி, கால்மாட்டில் கண்ணுச்சாமி. மச்சான்தான் சூடு வைத்து அடித்துப் போட்டான் என்று அவன் சொல்லியிருந்தான். அந்தப் பேச்சு நின்றால் அண்ணனை உள்ளே தள்ளிவிடுவார்கள். எஸ்.ஐ. அம்மா அறுத்த கண்ணாடியை எடுத்து அவன் கண்மேல் வைத்தார். எதிரே நிற்பது யார் என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

"இதத் தலையோட தச்சிருந்துச்சு. நாந்தான் அறுத்தேன். அப்போ யாரு அடிச்சது?"

கருத்தப்பாண்டி மேலே ஃபேனைப் பார்த்தான். வார்டில் அத்தனை கட்டிலிலும் ஆள் இருந்தது, அத்தனை பேரும் இவன் வாயைத்தான் பார்த்தார்கள். பொண்டாட்டி அடித்தாள் என்று அவன் நாக்கு எப்படிப் புரளும்? வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் மேடம் என்றான்.

மாடத்தி மூச்சு விட்டாள். கண்ணுச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றுமே நடக்கவில்லை, கேஸும் இல்லை, வெள்ளிக்கிழமை நல்ல நாள், அனுசியாவை வீட்டுக்கு அழைத்துக்கொள்வோம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தோல் உரிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் எனக்குக் கேஸ் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை உண்டு.

"பொய் மேடம்," என்றேன். "அவன் வண்டியிலருந்து விழல. ஆங்கிளால நாந்தான் அடிச்சேன். எழுதிக்கிடுங்க."

அவன் மேலேயும் உன் மேலேயும் கேஸ் வரும், தெரிந்துதான் சொல்கிறாயா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். தெரியும் என்றேன். கருத்தப்பாண்டி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாடத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"புருசன அடிச்ச கையி எங்க வீட்டுல சோறு பொங்குறதா? இனி இவ எங்க வாசப்படிய மிதிக்கக் கூடாது. அத்துவிடுங்க இவள!"

கண்ணுச்சாமி என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் எஸ்.ஐ. அம்மாவின் பேனாவைப் பார்த்தேன்.

"மேடம், எங்க அத்த, அத்துவிடுங்கன்னு சொன்னதையும் சேத்து எழுதிக்கிடுங்க," என்றேன்.